லெம்மா இரண்டு புள்ளி மூன்று

வாங்க அண்ணாச்சி, வாங்க. அந்த நாற்காலி வேண்டாம், அதுக்கு ஒரு கால் ஆட்டம். யூனிவர்சிட்டிக்கு எழுதிப் போட்டு மூணு வருஷமாச்சு, இன்னும் ஆள் வரலை. இங்கன ஃபேனுக்குக் கீழ உக்காருங்க. காபி சொல்லியிருக்கேன். எங்க கேன்டீன் காபி சுமாராத்தான் இருக்கும், பொறுத்துக்கிடணும்.

விஷயத்தைப் போன்லயே சொல்லிட்டீங்க. இருந்தாலும் அந்த அப்ளிகேஷனை இப்படிக் கொடுங்க, பாப்போம். ஆமா, இவளேதான். லி. செண்பகக்கனி. எம்.எஸ்ஸி. கணிதம், தங்கப் பதக்கம். எம்.பில். அப்புறம் 'ஆராய்ச்சி அனுபவம் ஆறு வருடம்'னு போட்டிருக்கா, பாத்தீங்களா? அனுபவமாம்! கீழ என் பேரு. பேராசிரியர் சௌந்தரநாயகி, கணிதத் துறை. கேட்டாளா என்னைய? ஒரு வார்த்தை கேக்கலை. என்ன தைரியம் பாருங்க. என்னது, உங்க ஃபாரத்துலயே அந்தக் கட்டம் இருக்கா? கைடு பேரு கண்டிப்பா எழுதணுமா? சரி, அப்ப எழுதித்தான் ஆகணும். அதுக்கு நான் ஒண்ணும் சொல்லலை.

நீங்க நேர்ல வந்தது நல்லதாப் போச்சு அண்ணாச்சி. உங்க ஸ்கூல்ல பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு எடுக்க ஆள் எடுக்கும்போது வெறும் சர்டிபிகேட்டைப் பாத்தா போதுமா? உங்க ரைஸ் மில்லுக்கு ஆள் எடுத்தாலே நாலு பேர்ட்ட விசாரிப்பீங்கள்ல. நான் எதையும் மறைக்க மாட்டேன். எனக்கு யார் மேலயும் வன்மம் கிடையாது. என் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்க. மேடம் திட்டுவாங்க, ஆனா மனசுல வச்சுக்கிட மாட்டாங்கன்னுதான் சொல்லுவாங்க.

அந்தச் சுவத்தைப் பாருங்க. பதினாலு போட்டோ. பதினாலும் என் கையில டாக்டர் பட்டம் வாங்கினவங்க. மேல் வரிசையில மூணாவது, மீசை வச்சிருக்காரே, அவர் டாக்டர் ஞானதிரவியம். இப்ப காலேஜ் பிரின்சிபால். பிரின்சிபாலானாலும் என் முன்னால உக்கார மாட்டார், நின்னுக்கிட்டேதான் பேசுவார். நான் எண்பத்தொன்பதுல இங்க வரும்போது இந்த டிபார்ட்மென்ட்டுல ரெண்டு ரூம், ஒரு கரும்பலகை, எம்.எஸ்ஸி.யில பதினொரு பிள்ளைங்க. இன்னைக்கு எம்.எஸ்ஸி. இருக்கு, அஞ்சு வருஷப் படிப்பு இருக்கு, பிஎச்.டி. இருக்கு. ரிட்டயர் ஆனதுக்கப்புறமும் இந்த ரூம் மேடத்துக்குத்தான்னு விட்டு வச்சிருக்காங்கன்னா சும்மாவா? எல்லாம் எதுல நிக்குது தெரியுமா? ரெண்டு புள்ளி மூணுல.

லெம்மா ரெண்டு புள்ளி மூணு. உங்களுக்குப் புரியற மாதிரியே சொல்றேன். பெரிய தேற்றத்தை நிரூபிக்கறதுக்கு முன்னால, அதைத் தாங்கறதுக்கு ஒரு சின்ன உண்மையை நிரூபிச்சு வச்சுக்கிடுவோம். அதுக்குப் பேரு லெம்மா. என் தீசிஸ்ல ரெண்டாம் அத்தியாயத்துல மூணாவதா வரும், அதான் ரெண்டு புள்ளி மூணு. கொஞ்சம் புள்ளி வைக்கணும். கோடு போட்டு இணைக்கணும். கோலம் மாதிரி சுத்தி வந்து மூடக்கூடாது, மரம் மாதிரி கிளை கிளையாப் போகணும். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு எண் கொடுக்கணும், அதுக்குச் சில நிபந்தனை உண்டு, அது உங்களுக்கு வேண்டாம். ஒரு புள்ளியில நாலு கோட்டுக்கு மேல சேரலைன்னா, எந்த மரத்துக்கும் அப்படி எண் கொடுத்துடலாம். இதான் லெம்மா. தொண்ணூத்தொண்ணுல நான் நிரூபிச்சேன். அப்ப எனக்கு இருபத்தெட்டு வயசு. அதை வச்சுத்தான் ஞானதிரவியம் எழுதினார், அதை வச்சுத்தான் அடுத்தவ எழுதினா, அப்படியே பதினாலு பேரு. எங்க டிபார்ட்மென்ட்ல புதுசா ரிசர்ச்சுக்கு வர்ற பிள்ளைக்கு முதல் நாள் பாடமே அதான். நின்னுக்கிட்டு, பாக்காம, போர்டுல நிரூபிக்கணும்.

கனியும் நிரூபிச்சா. முதல் நாளே. பிசிறில்லாம எழுதினா. நான்தான் அவளைத் தேடிப் பிடிச்சேன், தெரியுமா? எம்.எஸ்ஸி.யில அவ பேப்பரைத் திருத்தும்போதே, இந்தப் புள்ளையை வேற யாரும் கொத்திக்கிட்டுப் போகக்கூடாதுன்னு முடிவு பண்ணிட்டேன். உடன்குடிப் பக்கம் ஊரு. அப்பா பேரு லிங்கதுரை, மினி பஸ் டிரைவர். ஏட்டி கனி, நீ என் வீட்டுப் பிள்ளை மாதிரின்னு அன்னைக்கே சொல்லிட்டேன். வீட்டுப் பிள்ளை மாதிரியேதான் வச்சிருந்தேன். காலையில என் வீட்டுக்கு வந்து பிளாஸ்க்கையும் பையையும் எடுத்துக்கிட்டு என்கூடவே வருவா. என் தங்கச்சி மக கல்யாணத்துல வாசல்ல நின்னு பன்னீர் தெளிச்சது அவதான். பட்டுப்பாவாடை கட்டின சின்னப் பிள்ளைங்கள்லாம் நிக்கும்ல, அதுங்களோட. இருபத்தாறு வயசுல. மத்த புரொபசர்மார்லாம் இப்படிக் கூட வச்சுக்கிடுவாங்களா சொல்லுங்க?

மூணு வருஷம் ஒரு குறையும் இல்லை. நாலாம் வருஷம் ஆடி மாசம், ஒரு மத்தியானம். நான் பரிச்சைப் பேப்பர் திருத்திக்கிட்டிருக்கேன். வாசல்ல வந்து நிக்கறா, கையில ஒரு தாளு.

"மேடம், ஒரு சந்தேகம்."

"என்னட்டி?"

"ரெண்டு புள்ளி மூணுல, மேடம்."

எனக்குச் சிரிப்பு வந்துட்டு. முப்பது வருஷமா பதினாலு டாக்டருக்கு வராத சந்தேகம்! கொண்டான்னேன். தாளை மேஜையில வச்சா. பதினோரு புள்ளி. பென்சில்ல, ஸ்கேல் வச்சுக் கோடு போட்டிருக்கா. "இந்த மரத்துக்கு எண் கொடுக்க வரமாட்டேங்குது மேடம். கையால மூணு மாசம் போட்டுப் பாத்தேன். அப்புறம் லேப்ல ப்ரோக்ராம் எழுதினேன். பதினோரு எண்ணையும் மாத்தி மாத்தி வைக்க, கிட்டத்தட்ட நாலு கோடி வழி இருக்கு. எல்லா வழியையும் பாத்திருச்சு. ஒண்ணுகூட அமையலை. நான் எங்கயோ தப்பு பண்ணியிருப்பேன், நீங்கதான் மேடம் சொல்லணும்."

பாத்தீங்களா அண்ணாச்சி, எப்படிப் பேசறான்னு? நான் தப்பு பண்ணியிருப்பேனாம். வாயில விரலை வச்சா கடிக்கத் தெரியாது. திமிராப் பேசியிருந்தாக்கூட எனக்கு அவ்வளவு கோவம் வந்திருக்காது. அழுதுருவா போல நின்னா பாருங்க, அதுலதான் எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

ஆனா நான் கத்தலை. தாளை வாங்கி டிராயர்ல வச்சேன். "வேற யார்ட்டயாவது காட்டினியா?" இல்ல மேடம்னா. "லேப்ல அந்த ப்ரோக்ராம் இருக்கா?" இருக்குன்னா. "போய் அழிச்சிட்டு வா." போய் அழிச்சிட்டு வந்தா. சொல்பேச்சு கேக்கற பிள்ளைதான், அதை நான் இல்லைன்னு சொல்ல மாட்டேன்.

வந்து நின்னவகிட்ட இந்தச் சுவத்தைக் காட்டினேன். "ஏட்டி, இதுல யார் போட்டோவை முதல்ல கழட்டலாம்? நீயே சொல்லு." அதுக்கு என்ன சொல்றா தெரியுமா? "ஒரு நிபந்தனை கூடச் சேத்தா சரியாப் போயிரும் மேடம். எல்லாருடைய தீசிஸும் தப்பிச்சிரும். திருத்தம்னு சின்னதா ஒரு கட்டுரை, உங்க பேரை முதல்ல போட்டு அனுப்பிடலாம்." திருத்தம்! என் பேரு பக்கத்துல திருத்தம்னு அச்சுல வரணுமாம். அதுவும் எனக்கு உபகாரம் பண்றாப்புல. பிளாஸ்க் தூக்கறவ எனக்கு வழி சொல்றா.

அதுக்கப்புறம் ஒரு வருஷம் எனக்கு அவளைப் பாக்க நேரமே அமையலை. அவளைப் பழிவாங்கினேன்னு இந்த காரிடார்ல பேசிக்கிட்டாங்க. பழியும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. நேரம் அமையலை, அவ்வளவுதான். புதன்கிழமை புதன்கிழமை ரிசர்ச் பிள்ளைங்களைப் பாக்கற நாள். பத்து மணியிலேருந்து வெளிய நிப்பா. ஒவ்வொருத்தரா உள்ள கூப்பிடுவேன். அவ முறை வரும்போது மணி அஞ்சாயிரும். நாளைக்குன்னுட்டுப் போயிருவேன். சும்மா நிக்கறவளுக்கு வேலை கொடுக்கணும்ல? பரிச்சை ஹாலுக்கு மேற்பார்வைக்கு அனுப்பினேன், விடைத்தாள் கட்டு கட்டச் சொன்னேன், அஞ்சு வருஷப் படிப்புப் பிள்ளைகளுக்கு என் வகுப்பை எடுக்கச் சொன்னேன். நல்லாத்தான் எடுத்திருக்கா. மேடம், இனிமே கனியக்காவே எங்களுக்கு எடுக்கட்டும்னு ஒரு கூட்டம் என்கிட்டயே வந்து சொல்லிச்சு. மறுநாளே அதை நிறுத்திட்டேன்.

ஒண்ணு உங்களுக்குத் தெரியணும். பிஎச்.டி. பதிவுக்கு ஆறு வருஷம்தான் கெடு. அதுக்குள்ள தீசிஸ் கொடுத்து, வாய்மொழித் தேர்வும் முடிஞ்சிரணும். இல்லேன்னா பதிவு தானா ரத்து. அதுக்கும் மேல, கைடு கையெழுத்து இல்லாம தீசிஸ் ஆபீஸ் படியே ஏறாது. அஞ்சாம் வருஷமும் பாதி ஓடிட்டு. இவ கையில ஒரு அத்தியாயம் கிடையாது.

அப்பத்தான் அவ அப்பா வந்தார். மினி பஸ் டிரைவர், காக்கிச் சட்டையிலயே வந்துட்டார். ரெண்டு சிப்பம் கருப்பட்டி கொண்டு வந்திருந்தார். உக்காரச் சொன்னேன், அவர்தான் உக்காரலை. "மேடம், பிள்ளைக்கு வயசு ஏறிக்கிட்டே போவுது. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க, படிப்பு முடியட்டும்னு ரெண்டு வருஷம் பொறுத்துப் பாத்துட்டு வேற இடம் பாத்துட்டாங்க. எப்ப முடியும்னு ஒரு நாள் சொல்லுங்கம்மா, நான் காத்திருக்கேன்." பாவமாத்தான் இருந்துச்சு. நான் என்ன சொல்ல முடியும்? "எல்லாம் உங்க பொண்ணு கையிலதான் இருக்கு லிங்கதுரை. அவளுக்குப் படிப்புல கவனம் பத்தலை"ன்னேன். அப்படியே திரும்பி, வாசல்ல நின்ன பொண்ணைப் பாத்தார். அடிச்சிருந்தாக்கூட அவளுக்கு அப்படி வலிச்சிருக்காது. கருப்பட்டி நல்ல கருப்பட்டி, உடன்குடிச் சரக்கு, கலப்படமே கிடையாது.

மறு புதன்கிழமை அவளே வந்தா. கண்ணெல்லாம் வீங்கியிருக்கு. "மேடம், ரெண்டு புள்ளி மூணை வச்சே எழுதிடறேன்." அப்படிக் கேளுன்னேன். அன்னைக்குத்தான் எனக்கு அவ மேல திரும்பப் பாசம் வந்துச்சு அண்ணாச்சி, நிஜமாவே. வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போயி இட்லி போட்டேன். பத்து மாசத்துல தீசிஸை முடிச்சா. ராவும் பகலும் எழுதியிருப்பா. ரெண்டாம் அத்தியாயமும் மூணாம் அத்தியாயமும் முழுக்க என் லெம்மா மேலதான். ஒரு பிசிறு கிடையாது. பொய்யைக்கூட அந்தக் கழுதை அவ்வளவு அழகா எழுதுவா.

என்ன சொன்னேன்? பொய்யுன்னா சொன்னேன்? ஏதோ பேச்சு வாக்குல வந்துட்டு. காபி வந்துருச்சு பாருங்க, எடுத்துக்குங்க. சக்கரை பத்துமா?

வாய்மொழித் தேர்வு எப்படி நடக்கும்னு உங்களுக்குத் தெரியாது. பொது நிகழ்ச்சி அது. யாரு வேணும்னாலும் வரலாம், கேள்வி கேக்கலாம். அப்பா அம்மா வருவாங்க, சால்வை வரும், சமோசா வரும். கல்யாண வீடு மாதிரி இருக்கும். வெளியூர்லேருந்து ஒரு எக்ஸாமினர் வருவார். சபையிலேருந்து நாலு கேள்வியாவது வந்ததுன்னு மினிட்ஸ்ல எழுதணும், அது விதி. ஆனா சபையில யாரு கேக்கப் போறா? அதனால நாங்களே நாலு துண்டுச் சீட்டுல நாலு கேள்வி எழுதி, நாலு ஜூனியர் பிள்ளைங்க கையில கொடுத்துருவோம். அதுங்க எந்திரிச்சுப் படிக்கும். பதிலும் முந்தின நாளே ஒத்திகை பாத்தாச்சு. இது எல்லா இடத்துலயும் செய்யறதுதான், நீங்க தப்பா எடுத்துக்கிடக் கூடாது. கனிக்கும் நாலு கேள்வி சொல்லிக் கொடுத்து, நாலுக்கும் பதில் ஒத்திகை பாத்தோம்.

நான் மட்டும் நாலாவது சீட்டை மாத்திட்டேன்.

எதுக்குன்னு கேப்பீங்க. அடுத்த மாசம் எனக்கு ரிட்டயர்மென்ட். பெரிய விழா, மலர் வேற அச்சாகுது. நான் போனப்புறம் இவ வெளிய போயி வாயைத் திறந்தா? டாக்டர்னு பேரு முன்னால போட்டுக்கிட்டு அந்தத் தாளை எங்கயாவது அனுப்பினா? அதான் யோசிச்சேன். அத்தனை பேர் முன்னால, அவ வாயாலயே, லெம்மா சரிதான்னு ஒரு வார்த்தை வாங்கிட்டா போதும். மினிட்ஸ்ல ஏறிரும். அப்புறம் அவ ஆயுசுக்கும் வாயைத் திறக்க முடியாது. திறந்தா அவ பட்டமும்ல போகும். அவளுக்கும் அது நல்லதுதானே? வாழ்க்கை பூராவும் இந்த உறுத்தல் வேண்டாமேன்னுதான்.

அன்னைக்கு ஹால் நிறைஞ்சு போச்சு. முன் வரிசையில என் பதினாலு பேரும் வந்திருந்தாங்க. மூணாவது வரிசையில லிங்கதுரை, மடிப்புக் கலையாத புதுச் சட்டை, மடியில எனக்குப் போடறதுக்குச் சால்வை. கனி நல்லாப் பேசினா. முதல் மூணு சீட்டுக்கும் டக்டக்குனு பதில். நாலாவதா நவமணின்னு ஒரு பிள்ளை எந்திரிச்சுப் படிச்சா. "ஒரு புள்ளியில நாலு கோட்டுக்கு மேல சேராத எல்லா மரத்துக்கும் லெம்மா ரெண்டு புள்ளி மூணு பொருந்துமா? பதினோரு புள்ளி உள்ள மரத்துக்கும் பொருந்துமா?"

கனி என்னையப் பாத்தா. வேற யாரையும் பாக்கலை. வேண்டாம் மேடம்னு கண்ணாலயே கேட்டா. நான் பேனாவை மூடி வச்சுட்டு, சொல்லும்மாங்கற மாதிரி சிரிச்சேன்.

"பொருந்தும்"னா.

சொல்லிட்டா அண்ணாச்சி! முடிஞ்சு போச்சு! அதோட விட்டிருக்கணும் நான். என் வாழ்க்கையில நான் பண்ணின ஒரே தப்பு என்னன்னு கேட்டா இதைத்தான் சொல்லுவேன். அவ சொன்னது எனக்கே பாதிதான் கேட்டுச்சு. மினிட்ஸ் எழுதறவர் என்ன என்னன்னு முழிக்கறார். நான் மைக்கை எடுத்து, "சத்தமாச் சொல்லும்மா, பின்னால உங்க அப்பாவுக்குக் கேக்கலை"ன்னேன்.

அப்பாங்கற பேச்சை எடுத்திருக்கக் கூடாது. அவரு வேற, ஏதோ நல்லது நடக்குதுன்னு நினைச்சு, சீட்டை விட்டுப் பாதி எந்திரிச்சு மகளைப் பாத்துச் சிரிக்கறார். இவ அவரைப் பாத்தா. அப்புறம் திரும்பிச் சாக்பீஸை எடுத்தா. பதினோரு புள்ளி வச்சுப் பத்துக் கோடு போட்டா. "பொருந்தாது. இந்த மரத்துக்குப் பொருந்தாது. லெம்மா தப்பு. அதனால என் தீசிஸ்ல ரெண்டாவது, மூணாவது அத்தியாயமும் தப்பு. எனக்கு ரெண்டு வருஷமாத் தெரியும். தெரிஞ்சேதான் எழுதினேன்"னா. இந்தத் தடவை நல்லாச் சத்தமாத்தான் சொன்னா. கடைசி வரிசை வரைக்கும் கேட்டுச்சு.

முன் வரிசையில பதினாலு மூஞ்சியும் செத்துப் போச்சு. ஞானதிரவியம்தான் சமாளிச்சார். பிரின்சிபால் பிரின்சிபால்தான். எந்திரிச்சு, "இது கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை. தன் தீசிஸ் தப்புன்னு மாணவியே ஒத்துக்கிட்டப்புறம் பேச என்ன இருக்கு?"ன்னார். மத்த பதிமூணு பேரும், ஆமா ஆமான்னாங்க. அந்தப் படத்தைப் பாத்து ஒருத்தரும் ஒரு எண் கூடப் போட்டுப் பாக்கலை. வெளியூர் எக்ஸாமினருக்கு மூணே முக்காலுக்கு ரயில். அவர் என் காதுல, "நான் என்ன எழுதட்டும் மேடம்?"னார். 'மாணவி தன் ஆய்வை நிலைநாட்ட இயலவில்லை'ன்னு எழுதச் சொன்னேன். உண்மையும் அதான? லெம்மாவைப் பத்தி மினிட்ஸ்ல ஒரு எழுத்து கிடையாது. போர்டை அழின்னு நவமணிகிட்டச் சொன்னேன். அவ தயங்கினா. ஞானதிரவியமே போயி அழிச்சார்.

லிங்கதுரைக்கு ஒண்ணும் புரியலை. மக ஏதோ பெரிய தப்பு பண்ணிட்டான்னு மட்டும் தெரிஞ்சிருக்கு. நேரா மேடைக்கு வந்து, சால்வையைப் பிரிச்சு எனக்குப் போட்டார். "சின்னப் பிள்ளை, தெரியாமப் பேசிட்டா, மன்னிச்சிருங்கம்மா"ன்னு கும்பிட்டார். அவ பக்கத்துலயே நிக்கறா, அப்பா வாங்கப்பான்னு கையைப் பிடிச்சு இழுக்கறா. கையை உதறிட்டுக் கும்பிடறார். அந்த மனுஷன்ட்ட இருந்த மரியாதை மகள்ட்ட இல்லையேன்னு எனக்கு அன்னைக்கு ரொம்ப வருத்தம். நூத்திருபது சமோசா வந்து இறங்கியிருந்துச்சு. பிள்ளைங்க சாப்பிட்டுச்சு, வீணாகலை. அதுக்கப்புறம் பதினெட்டாம் நாள் ஆறு வருஷக் கெடு முடிஞ்சு பதிவு ரத்தாச்சு. ஆர்டர்ல நான்தான் கையெழுத்துப் போட்டேன். என் விழாவுல மலர் வந்துச்சு, மாலை வந்துச்சு, எல்லாம் வந்துச்சு. ஆனா பேசினவங்க ஒருத்தராவது ரெண்டு புள்ளி மூணுன்னு வாயைத் திறக்கணுமே? எல்லாரும் என் சமையலைப் பத்திப் பேசிட்டு உக்காந்துட்டாங்க. முப்பது வருஷ உழைப்பு அண்ணாச்சி. என் இட்லியைப் பத்திப் பேசினாங்க.

என்ன கேக்கறீங்க?

அவ சொன்னது சரியா தப்பான்னா?

சரிதான். அதுல என்ன சந்தேகம்? அவ சரின்னு எனக்குத் தெரியாதா? தொண்ணூத்தொண்ணுல தீசிஸ் அச்சாகி வந்த மூணாம் மாசமே எனக்குத் தெரியும். ஒரு ஞாயித்துக்கிழமை சும்மா போட்டுப் பாத்தேன், வரலை. வேற மாதிரி பாத்தேன், வரலை. என் கைடு உயிரோட இருந்தார், அவர்ட்டப் போய்ச் சொன்னேன். அச்சாயிருச்சுல்லம்மா, விடுன்னார். விட்டுட்டேன். நான் விட்டேன்ல? நான் கேட்டேன்ல பெரியவங்க சொன்னதை? ஒரு வித்தியாசம். என் படத்துக்குப் பதிமூணு புள்ளி வேண்டியிருந்துச்சு. இந்தக் கழுதை பதினொண்ணுலயே முடிச்சுட்டா. முப்பது வருஷமா நானும் பதினொண்ணுல முடியுமான்னு பாக்கறேன், எனக்கு வரலை. அவ மூணு மாசத்துல கண்டுபிடிச்சுக் கொண்டுவந்து, தப்பு பண்ணியிருப்பேன் மேடம்னு அழறா. அவளை எப்படி எனக்குப் பிடிக்கும், சொல்லுங்க?

ஏன் அப்படிப் பாக்கறீங்க? அவ கணக்குல கெட்டிக்காரியான்னு நீங்க கேட்டா, இந்த ஜில்லாவுல அவளை மிஞ்ச ஆள் கிடையாதுன்னு சொல்லிட்டுப் போறேன். ஆனா நீங்க அதைக் கேக்க வரலையே. உங்க ஸ்கூலுக்கு ஆகுமான்னுல்ல கேக்க வந்தீங்க.

யோசிச்சுப் பாருங்க. உள்மதிப்பீட்டு மார்க்கை எல்லாப் பிள்ளைக்கும் முழுசாப் போட்டுத்தான அனுப்பறீங்க? எல்லா ஸ்கூல்லயும் அப்படித்தான். கணக்குல முப்பத்தஞ்சு எடுக்காததுகளை ஜனவரியிலயே டி.சி. கொடுத்து அனுப்பிட்டு, நூறு சதம் தேர்ச்சின்னு ஃப்ளெக்ஸ் வைக்கறீங்கள்ல, வர்ற வழியில பாத்திருக்கேன். இவ ரெண்டு வருஷம் பேசாம இருப்பா. சொன்னதெல்லாம் செய்வா. தங்கமான டீச்சர்னு நீங்களே ஊர் பூராச் சொல்லுவீங்க. அப்புறம் ஒரு நாள், ஆண்டு விழாவுல, பெத்தவங்க எல்லாரும் உக்காந்திருக்கும்போது, கலெக்டர் மேடையில இருக்கும்போது, இவளை மைக் முன்னால கூப்பிட்டு ரெண்டு வார்த்தை சொல்லும்மான்னு சொல்லுவீங்க. அவ என்ன சொல்லுவான்னு நினைக்கறீங்க?

அவளுக்கு இந்த வேலை ரொம்பத் தேவைன்னு எனக்கும் தெரியும். லிங்கதுரைக்குப் போன தையில பக்கவாதம் வந்து, பஸ்ஸை விட்டாச்சுன்னு நவமணி சொன்னா. இதுக்கு முன்னாலயே ரெண்டு ஸ்கூல்லேருந்து எனக்குப் போன் பண்ணிக் கேட்டாங்க. அவங்ககிட்டயும் இதையேதான் சொன்னேன், ஒரு வார்த்தை கூட்டலை, குறைக்கலை. உங்களுக்கு மட்டும் மாத்திச் சொன்னா நியாயமா?

என்ன அண்ணாச்சி, அப்ளிகேஷனைத் திருப்பி எடுத்துட்டீங்க? யோசிக்கறீங்களா? யோசிங்க, நல்லா யோசிங்க. அவசரமே இல்லை, காபியைக் குடிச்சிட்டே யோசிங்க.

இன்டர்வியூ லிஸ்ட்டை எடுத்துட்டீங்களா? மூணாவது பேருதான அவளுது? கோடு போட்டு அடிக்கப் பாத்தா பேனா எழுத மாட்டேங்குதா? இந்தாங்க, என்னுது நல்லா எழுதும்.